தட்டுச் சத்தம் நின்றபோது

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு ரகம். பயம் வந்ததும் எடுத்தேன் ஓட்டம் என்று ஓடுகிறவர்கள் ஒரு ரகம். நின்ற இடத்திலேயே வேர்விட்டு நிற்கிறவர்கள் இன்னொரு ரகம். நம் நூலகர் இரண்டாவது ரகம். ஐம்பத்தொரு வயதுவரை அவர் செய்த ஆகப் பெரிய சாகசம், வாசிப்புக் கூடத்தின் உயரமான அலமாரிக்கு ஏணி போட்டு ஏறி, கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதியை எடுத்ததுதான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்தார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

இருபத்தாறு வருடமாக அதே கூடம். ஒன்பது நீள மேசைகள், பச்சை உறை போட்ட விளக்குகள், சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. அந்தப் பலகை அங்கே வெட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது குசுகுசுவென்று பேசினால் நூலகர் பக்கத்தில் போய் நிற்பார், பேச்சு தானாக அடங்கிவிடும். அவர் குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூட, திருப்பித் தராத புத்தகத்தைப் பற்றி நினைவூட்டுகிற தொனியில்தான் சொல்வார்.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். பெரிய மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் டோக்கன் எண் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. மைக் பழுதாகி ஏழு வருடம் ஆகிறது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை, அவளும் கேட்கவில்லை. "நூத்திப் பதினேழு!" என்று அவள் ஒரு குரல் விட்டால், வெளிவாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிற நூத்திப் பதினேழு கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வரும். அங்கே எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. மகளுக்கு அம்மா, அண்ணனுக்குப் பாப்பா, கணவருக்கு 'இந்தா'.

கல்யாணமான புதிதில் பெயர் சொல்லக் கூச்சப்பட்டு 'இந்தா' என்று ஆரம்பித்தார் மனுஷன். கூச்சம் போனபோது பழக்கம் ஒட்டிக்கொண்டது. 'இந்தா, குடை எங்க?' 'இந்தா, பல்லு வலிக்குது.' இப்படியே இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அவளுக்கென்று நல்லதாக ஒரு பெயர் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவளுடைய அப்பா ஒருவர்தான். வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே மகள் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாராம். அவர் காலமாகிப் பதினோரு வருடம். அதன்பிறகு அந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

வீட்டில் மூன்றாவது ஆள், நாய். கொண்டுவந்த புதிதில் நூலகர் செருப்பை மாட்டினால் போதும், கதவைப் பார்த்துக் குரைத்துத் தள்ளும். கீழ்வீட்டுக்காரர் மூன்று தடவை படியேறி வந்து சண்டை போட்டார். நூலகருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதானே? உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சும்மா இருந்தால் ஒரு பிஸ்கட். ஆறே மாதத்தில் நாய் குரைப்பதை அடியோடு மறந்துவிட்டது. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது குரைக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. குடியிருப்பே அதற்கு ஊமையன் என்று பெயர் வைத்தது. "நாய்க்கும் லைப்ரரில மெம்பர் கார்டு போட்டுக் குடுத்துட்டார்" என்று டோக்கன் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு கூடாரம் அனுப்பிவைத்தாள். வினை அங்கே ஆரம்பித்தது.

"இந்தா, இத மொட்டை மாடில போட்டுப் படுத்தா போதாதா?" என்றார் நூலகர்.

"மொட்டை மாடில மலை இருக்கா? ரெண்டே நாள். சனிக்கிழமை ஏறுறோம், ஞாயித்துக்கிழமை இறங்குறோம். உங்கள யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க. பேசாம வாங்க."

பேசாமல் வருவது அவருக்குக் கைவந்த கலை. வந்தார், நாயையும் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை வெயில் இருந்தது. மலையடிச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் பெயர்களை எழுதிக்கொண்டு, "மூடுபனி இறங்கினா நின்ன எடத்துல நில்லுங்க. வழி தெரியுதுன்னு மட்டும் நினைக்காதீங்க" என்றார். சொன்னவர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். நூலகர் அந்த வார்த்தையை மனதுக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். மேலே முகாம் திடலில் ஒரு லாரி ஓட்டுநர் குடும்பத்தோடு ஏற்கெனவே கூடாரம் அடித்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடுபனி ஏறி வந்தது. முதலில் எதிர் மலை போயிற்று, பிறகு மரங்கள் போயின, கடைசியில் பத்தடி தள்ளி இருந்த லாரி ஓட்டுநரின் கூடாரமும் போயிற்று. அவர் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது, அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல். நூலகர் ராத்திரி பூராவும் நாயின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு விழித்தே கிடந்தார். பக்கத்தில் டோக்கன் அக்கா குறட்டை விட்டாள். அந்தச் சத்தம் மட்டும் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

காலையில் பனி விலகியது. கூடாரத்தைச் சுருட்டி, தட்டு முட்டுச் சாமான்களை முதுகுப்பையில் திணித்து, உச்சியைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாக இறங்குவதாகத் திட்டம். பாதையோரக் கற்களில் வழிக்கு அடையாளமாக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூடுபனி விழுகிற மலையில் வெள்ளைப் பெயிண்ட்! எந்த மகானுபாவனின் மூளையில் உதித்ததோ தெரியவில்லை. ஒரு மணி நேரம் நடந்திருப்பார்கள், பனி மறுபடி வந்தது. இந்தத் தடவை ஏறி வரவில்லை, மேலேயிருந்து கொட்டியது. கையை நீட்டினால் விரல் தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றும் இல்லை.

"இந்தா, நில்லு. நிக்கச் சொன்னாங்கல்ல."

"அதோ அடுத்த வெள்ளைக் கல்லு தெரியுது. அதுவரைக்கும் போய் நிப்போம்" என்றாள் அவள்.

அது கல் இல்லை. பனியில் அடர்த்தியாக இருந்த ஓர் இடம், அவ்வளவுதான். அவள் கால் வைத்த ஈரப்புல் வழுக்கியது. ஒரு சத்தமும் இல்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த முதுகு அங்கே இல்லை. கீழே கற்கள் உருளுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. நூலகர் நின்ற இடத்திலேயே நின்றார். கால் அசையவில்லை. நாய்தான் முதலில் சரிவில் இறங்கியது. கையிலிருந்த நாயின் கழுத்துவாரை அது இழுத்த இழுப்பில், உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே அவரும் போய்ச் சேர்ந்தார்.

இருபதடிப் பள்ளம். அடியில் தண்ணீர் கசிகிற கல்லோடை. அதன் நடுவில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். கையும் காலும் முழுசாக இருந்தன, ரத்தம் அதிகமில்லை. ஆனால் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

"மூச்சு... இழுத்தா... குத்துது."

நூலகர் அதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை. தெருவில் நிற்கிற ஆளைக் கவுண்டருக்கு இழுத்து வந்த குரல் இப்படி ஆகிவிட்டதே! செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. எழுந்து நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். அது பக்கத்து மேசைவரை போகிற குரல். நாயைப் பார்த்து, "குரைடா, கொஞ்சம் குரைடா" என்று கெஞ்சினார். அது முன்னங்காலைத் தூக்கி அவர் முழங்காலில் வைத்து, சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் கேட்டது.

அவளுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. துணியெல்லாம் ஓடைத் தண்ணீரில் நனைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் உதடு நிறம் மாறியது.

"போங்க. ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"உன்ன விட்டுட்டா? நின்ன எடத்துல நிக்கணும்னு..."

"ரெண்டு பேரும் உக்காந்து விறைச்சுப் போறதுக்கா? போங்க."

அவளை மெல்ல நகர்த்தி ஈரமில்லாத கல்லில் சாய்த்து, கூடாரத் துணியால் சுற்றினார். நாயை உள்ளே அவள் மார்போடு அணைத்துப் படுக்கவைத்து, தன் பின்னால் ஓடி வந்துவிடாதபடி வாரை அவள் மணிக்கட்டில் கட்டினார். எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா, இதத் தட்டிட்டே இரு. நிறுத்தாத. இந்தச் சத்தத்த வச்சுத்தான் நான் உன்னத் திரும்பக் கண்டுபிடிக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தட்டுத் தட்டியும் காட்டினாள்.

புல்லைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி, பாதையோரப் புதரில் தன் நீலத் துண்டைக் கட்டிவிட்டு, வந்த வழியே நடந்தார். கல்லுக்குக் கல் கையால் தடவிப் பார்த்து நடந்தார். பாதை குறுகிய இடங்களில் தவழ்ந்தார். முதுகுக்குப் பின்னால் டங், டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் கேட்கவில்லை. வளைவுதான் காரணம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு தடவை திரும்பி வந்து, கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

திடலை எட்டும்போது அவர் உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. நல்லவேளை, ரோந்து வந்த வனக்காவலர் லாரி ஓட்டுநரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். நூலகர் ஓடிப்போய்க் காவலரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ கீழ... தட்டிட்டு இருக்கா..." என்றார். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. கயிறும் கம்பளியும் எடுத்துக்கொண்டு மூவரும் புறப்பட்டார்கள். நீலத் துண்டு கட்டிய புதருக்கு வந்து சேர்ந்தபோது, அவளை விட்டுப் போய் இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

நின்று காது கொடுத்தார்கள்.

டங்... டங்...

நூலகர் கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. வனக்காவலர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கயிறு நீண்டுகொண்டே போனது, பிறகு திரும்பி வந்தது.

"இங்க ஆள் இல்ல சார். மூணு ஓடை பக்கத்துப் பக்கத்துல இறங்குது. எதுல இருக்காங்கன்னு தெரியல. பனியில சத்தம் எல்லாப் பக்கத்துலேந்தும் வர்ற மாதிரித்தான் இருக்கும்."

நூலகர் அந்த வெள்ளையைப் பார்த்தார். இங்கேதான் ஏறினேன் என்று கையைக் காட்டப் போனார். காட்ட முடியவில்லை. கல்லைச் சுற்றி ஏறினாரா, நேராக ஏறினாரா? அவருக்கே நினைவில்லை.

டங்... நெடுநேரம் கழித்து இன்னொரு டங்.

"தட்டறது மெதுவாயிட்டே போகுது சார்," என்றார் காவலர். "மயக்கம் வர்ற நேரம். விடக்கூடாது. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. எவ்வளவு மயக்கத்துலயும் பேரு காதுல விழும். சத்தமா, வேகமா தட்டச் சொல்லுங்க. நாங்க கூப்பிட மாட்டோம். பழகின குரல்தான் போய்ச் சேரும்."

நூலகர் வாயைத் திறந்தார். ஐம்பத்தொரு வருடமாக உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. மனைவியின் பெயரைச் சொல்லி, அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்தச் சத்தத்தில் லாரி ஓட்டுநரே ஒரு அடி பின்வாங்கினார். பாறைகளில் மோதி அந்தப் பெயர் நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது.

தட்டுச் சத்தம் நின்றது.

கேட்டுவிட்டாள், இதோ இப்போது வேகமாகத் தட்டப் போகிறாள் என்று மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றுமில்லை. நூலகர் மறுபடி கத்தினார். மறுபடி. தொண்டை கிழிந்து ரத்தச் சுவை வருகிறவரை அந்தப் பெயரையே கத்தினார். கத்தக் கத்தக் கீழே நிசப்தம்தான் கெட்டியானது. தட்டும் இல்லை, முனகலும் இல்லை. நாயிடமிருந்தும் ஒரு சின்னச் சத்தம் இல்லை. அந்த நாயை அப்படி வளர்த்த கையை வெட்டிப் போடலாம் போல அவருக்கு இருந்தது.

பதினைந்து நிமிடம் போயிற்று. வனக்காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை அதட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் குரலைத் தணித்து, "நான் கீழ போய் மீட்புக் குழுவுக்குச் சொல்றேன். அண்ணே, நீங்க சாரோட இருங்க" என்றார். குரல் தணிந்ததற்கு அர்த்தம் நூலகருக்குப் புரியாதா? லாரி ஓட்டுநர் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நூலகர் சரிவின் விளிம்பில் உட்கார்ந்தார். விட்டுவிட்டு வந்தேனே, நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு நான் வந்தேனே என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. கத்துவதற்கு இனித் தொண்டையில் எதுவும் இல்லை. யாருக்காகவும் இல்லாமல், சமையலறை வாசலில் நின்று சொல்வதுபோல் மெல்லச் சொன்னார்.

"இந்தா... நான் வந்துட்டேன்."

பனி அசையவில்லை.

"இந்தா, குளிருதா?"

டங்.

தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. கிளம்பிவிட்ட காவலர் பாதி அடியில் நின்றார். நூலகர் நம்பவில்லை. பயந்து பயந்து இன்னொரு தடவை சொன்னார்.

"இந்தா."

டங். டங். டங்.

"பேசுங்க சார்! அதே மாதிரி பேசிட்டே இருங்க, நிறுத்தாதீங்க!" என்று சொல்லிக்கொண்டே காவலர் கயிற்றைப் பிடித்தார்.

என்ன பேசுவது? "இந்தா, வீட்டுல காஸ மூடினியா... இந்தா, பால்கனில துணி காயுது, மழை வந்தா நனைஞ்சிடும்... உனக்கு நாளைக்குக் காலைல ட்யூட்டியா?" அவர் பேசப் பேச டங் டங் என்று கீழேயிருந்து பதில் வந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு காவலர் இடது பக்கமாக நகர்ந்து இறங்கினார். மூன்றாவது ஓடை. இவர்கள் நின்ற இடத்திலிருந்து பன்னிரண்டு எட்டுக்கூட இருக்காது. கூடாரத் துணிக்குள்ளிருந்து முதலில் நாயின் மூக்கு தெரிந்தது. அது வாலை ஆட்டியது. அப்போதும் அது குரைக்கவில்லை.

மூன்றாம் நாள். அவள் வேலை பார்க்கிற அதே மருத்துவமனை, இரண்டாவது மாடி, பெண்கள் வார்டு. விலா எலும்பு இரண்டு முறிவு. இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் குளிரே ஆளைக் கொண்டுபோயிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மதியம், பார்வை நேரம். நூலகர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டார்.

"நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் தட்டறத நிறுத்தின?"

அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா கூப்பிடறாருன்னு நினைச்சேன்."

நூலகர் ஸ்டூலை இன்னும் கிட்ட நகர்த்தினார்.

"பேரச் சொல்லி, அவ்வளவு சத்தமா வேற யாரு என்னக் கூப்பிட்டிருக்கா? கூட்டிட்டுப் போக வந்துட்டாருன்னு நினைச்சேன். பதில் சொன்னா போயிடணும்ல? அதான் தட்ட மார்ல வச்சு அமுக்கிக்கிட்டேன். நாய் வாயப் பொத்திக்கிட்டேன். நீங்க கூப்பிடக் கூப்பிட அவரு கிட்ட வந்துட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. மூச்சக்கூட விடல. அவ்வளவு பயம். எங்க அப்பாவப் பாத்து அவ்வளவு பயம்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. அவர் விரலால் அதைத் துடைத்தார். உயிரைக் கொடுத்து அவர் கத்திய ஒவ்வொரு தடவையும் அவளை இன்னும் ஆழமாகத் துணிக்குள் ஒளியவைத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்திருந்தால் இன்னும் கத்தியிருப்பார். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"இனிமே உன்னப் பேரச் சொல்லிக் கூப்பிடவே மாட்டேன்" என்றார்.

"அய்யோ, கூப்பிடுங்க. தினம் ஒரு தடவையாவது கூப்பிடுங்க. இல்லேன்னா அந்தப் பேரு அவர்கிட்டயே இருந்துடும். இப்பவே கூப்பிடுங்க."

நூலகர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிர்க் கட்டிலில் ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவியின் காதருகே குனிந்து பெயரைச் சொன்னார்.

"அப்படி இல்ல. அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரி."

அவர் எழுந்து நின்று, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. தூங்கிய அம்மாள் பதறி எழுந்து உட்கார்ந்தார். "யாரு சார் அது, ஆஸ்பத்திரில!" என்று நர்ஸ் ஓடி வந்தாள். கட்டிலில் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, பள்ளத்தில் நடுங்கியதுபோலவே நடுங்கினாள். கை கம்பளியைப் பிடித்துக் கசக்கியது. நூலகர் நர்ஸைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் கண்களைத் திறந்தாள். விலா வலிக்க மூச்சை இழுத்து, "என்னங்க" என்றாள்.